19 மாதமாகியும் பேசவில்லையே: முதலில் காதைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 19 மாதம். ‘அம்மா’, ‘தாத்தா’, ‘பை’ என்று மூன்று சொல்தான் பேசுகிறான். எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கம், வாழ்க்கைப்பட்டது ஓசூரில். கணவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். நான் அவனிடம் தமிழில் பேசுவேன், மாமியார் தெலுங்கில், பக்கத்து வீட்டில் கன்னடம். நாங்கள் இருவரும் வேலைக்குப் போவதால் பகல் முழுக்க மாமியாரிடம்தான் இருக்கிறான். தண்ணீர் வேண்டுமென்றால் அவரிடம் ‘நீ… நீ’ என்பானாம். தெருநாயைப் பார்த்தால் ‘ரா ரா’. பஸ், லாரி எல்லாமே ‘ம்ப்பூ’. ஆனால் ஒழுங்கான சொல் எதுவும் வரவில்லை. சொன்னால் புரிகிறது, ‘செருப்பை எடுத்துட்டு வா’ என்றால் எடுத்து வருவான். சில நேரம் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. மழைக்காலத்தில் இரண்டு முறை காதில் சீழ் வந்து, சொட்டு மருந்தில் சரியானது. போனில் ரைம்ஸ் ஓடினால்தான் சாப்பிடுகிறான். நாத்தனார் மகள் இவனைவிட ஒரு மாதம் சின்னவள், ஃப்ளாஷ் கார்டு காட்டினால் நாற்பது பெயர் சொல்கிறாள். பிளே ஸ்கூலில் விசாரித்தபோது ‘மூன்று மொழி பேசிக் குழப்புகிறீர்கள், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்’ என்றார்கள். மாமியார் ‘இவன் அப்பனே மூணு வயசுலதான் வாய் திறந்தான், நாக்குல வசம்பு தேய்ச்சா போதும்’ என்கிறார். நெட்டில் படித்துவிட்டு, ஆட்டிசமாக இருக்குமோ என்று தூக்கம் வரவில்லை. பொறுத்திருக்கலாமா, டாக்டரிடம் போக வேண்டுமா?
- ஓசூர் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போக வேண்டும், இந்த மாதத்திலேயே. ஆனால் நீங்கள் பயப்படுகிற காரணத்துக்காகப் போகச் சொல்லவில்லை. கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, இரண்டு முறை காதில் சீழ் வந்தது என்று, அதற்காகத்தான் சொல்கிறேன்.

சளி பிடிக்கும்போது மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் அடைத்துக்கொள்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் குழாய் குட்டையாகவும் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டிலும் இருப்பதால் தொற்று எளிதில் காதுக்குப் போய்விடும். சீழ் கட்டி, செவிப்பறையில் சிறு துளை விழுந்து வெளியே வடியும். மருந்து போட்டதும் வடிவது நிற்கும், காய்ச்சலும் வலியும் போய்விடும். அதோடு சரியாகிவிட்டது என்றுதான் எந்த வீட்டிலும் நினைப்பார்கள். ஆனால் பல பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கிவிடும். வாரக்கணக்கில் இருக்கும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட. வலி இல்லாததால் குழந்தை அழாது, வெளியிலிருந்து பார்த்தாலும் தெரியாது. காதில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு நம் வீட்டுப் பேச்சைக் கேட்டால் எப்படியிருக்கும்? ஏறக்குறைய அப்படித்தான் அவனுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். ‘ஆ’, ‘ஓ’ போன்ற உரத்த உயிரொலிகள் உள்ளே போகும். ‘ச’, ‘த’, ‘ப’, ‘க’ மங்கிவிடும். ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், அடுத்த சளியில் மறுபடி மந்தமாகும். ‘சில நேரம் திரும்புகிறான், சில நேரம் திரும்புவதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதனாலும் இருக்கலாம், கையில் போன் இருந்ததாலும் இருக்கலாம். எது என்று கடிதத்தைப் படித்துச் சொல்ல முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

பிறந்தபோது மருத்துவமனையில் காது டெஸ்ட் எடுத்து ‘பாஸ்’ என்று சீட்டு கொடுத்திருக்கலாம். அந்தச் சீட்டு அன்றைய நிலையைத்தான் சொல்லும். அதற்குப் பிறகு வந்த சீழுக்கும் அதற்கும் தொடர்பில்லை. செருப்பை எடுத்து வருகிறானே, காது கேட்காமலா எடுத்து வருவான் என்று நீங்கள் கேட்கலாம். வெளியே கிளம்புகிற நேரம், நீங்கள் வாசலைப் பார்க்கிறீர்கள், கையில் சாவி இருக்கிறது. இந்த மூன்றும் போதும், கெட்டிக்காரப் பிள்ளை மீதியை ஊகித்துவிடுவான். வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். போன், டிவி எதுவும் ஓடாத நேரத்தில், அவன் விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்பக்கமிருந்து, கையைக் காட்டாமல், தணிந்த குரலில் பேரைச் சொல்லுங்கள். வேறு வேறு நாளில் செய்யுங்கள். ஆனால் நன்றாகத் திரும்பினான் என்பதற்காக டெஸ்டை விட்டுவிட வேண்டாம். ஒரு காதில் மட்டும் மந்தம் இருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் காதுக்குள் பார்த்துவிட்டு, செவிப்பறை அசைகிறதா என்று அளக்கும் டிம்பனோமெட்ரி எழுதிக் கொடுப்பார். ஓரிரு நிமிட வேலை, வலி கிடையாது. உட்காதைப் பார்க்க ஓஏஈ என்ற டெஸ்ட், தேவைப்பட்டால், ஒலிக்குக் காது நரம்பு தரும் பதிலைத் தூக்கத்தில் அளக்கும் பெரா. தனியார் மருத்துவமனை கட்டுப்படியாகாது என்றால் மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனையில் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தை விசாரியுங்கள். அங்கே டிஇஐசி என்றால் எல்லாருக்கும் தெரியும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருவது. பிறப்பிலிருந்தே குழந்தைகளின் காது, கண், பேச்சு, வளர்ச்சி என்று பார்ப்பதற்காக வைத்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை. ஏழைகளுக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் போவதில்லை, யார் வேண்டுமானாலும் போகலாம். நீர் தங்கியிருந்தால் பெரும்பாலும் தானே வற்றும். வற்றாமல் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, கேட்பதும் குறைவாக இருந்தால் மருத்துவர் அடுத்ததைச் சொல்வார். சீழ் வந்த காதில் வீட்டில் எண்ணெய் காய்ச்சி ஊற்றும் வழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

இனி அவன் பேச்சைப் பார்ப்போம். மூன்று சொல் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே இன்னும் மூன்று சொல்லை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்! ‘நீ’ என்பது நீள்ளு. தெலுங்கில் தண்ணீர் கேட்கிறான். ‘ரா’ என்றால் வா. அவ்வா, அதாவது பாட்டி, நாயைக் கூப்பிடுவதைக் கேட்டு, சரியான இடத்தில் அதே சொல்லைப் போடுகிறான். ‘ம்ப்பூ’ அகராதியில் இல்லைதான். ஆனால் ஒரே ஒலியை ஒரே வகைப் பொருளுக்கு மாறாமல் சொல்கிறான் என்றால் எங்கள் கணக்கில் அது சொல்தான். பஸ்ஸையும் லாரியையும் ஒரே பேரால் சொல்வதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். பெரிதாக இருக்கும், சத்தமாக ஹாரன் அடிக்கும், சாலையில் போகும் என்று அவனாகவே ஒரு இனம் பிரித்து வைத்திருக்கிறான். ஸ்கூட்டரைப் பார்த்தும் ‘ம்ப்பூ’ என்கிறானா, அதற்கு வேறு ஒலி வைத்திருக்கிறானா என்று கவனியுங்கள், எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. ஆக மொத்தம் ஆறு. மாமியாரிடம் உட்கார்ந்து கேட்டால் இன்னும் இரண்டு மூன்று கிடைக்கும், ‘அவ்வா’ என்று கூப்பிடாமலா இருப்பான்? பல மொழி வீட்டுப் பிள்ளைக்கு எல்லா மொழியையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். தமிழை மட்டும் எண்ணினால் பாதிப் பையில் கைவிட்டதாகத்தான் ஆகும்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் திருத்தி வெளியிட்ட பட்டியல், நான்கில் மூன்று பிள்ளைகளாவது எட்டியிருக்கும் அளவுகளைச் சொல்கிறது. 18 மாதத்தில் அம்மா, அப்பா தவிர மூன்று சொல்லாவது சொல்லப் பார்க்க வேண்டும். 2 வயதில் ‘பால் வேணும்’, ‘அப்பா வா’ மாதிரி இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும். இரண்டரை வயதில் ஏறத்தாழ 50 சொல். உங்கள் பையன் முதல் கோட்டைத் தாண்டிவிட்டான். ஆனால் அந்த வயதில் பல பிள்ளைகள் இதைவிட நிறையப் பேசுவார்கள் என்பதும் உண்மை, அதை மறைக்க மாட்டேன். இரண்டு வயதில் பத்துப் பேரில் ஒருவராவது பேச்சில் பின்தங்கி இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்குப் போவதற்குள் பிடித்துவிடுவார்கள், சிலர் பிடிக்க மாட்டார்கள். யார் அந்தச் சிலர் என்று இந்த வயதில் வாய்ப்பேச்சை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் நாங்கள் சொல்லின் எண்ணிக்கையைவிட வேறு மூன்றைக் கூர்ந்து பார்ப்போம்: எவ்வளவு புரிகிறது, விரலை எப்படிப் பயன்படுத்துகிறான், எப்படி விளையாடுகிறான்.

விரலைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. எனக்கு மிகவும் வேண்டிய தகவல் அதுதான். ஒரு குழந்தை பிஸ்கட் டப்பாவைச் சுட்டிக்காட்டுவது கேட்பதற்காக. அதே குழந்தை வானத்தில் போகும் விமானத்தைச் சுட்டிக்காட்டி, திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறது என்றால், அதற்கு எதுவும் வேண்டாம், தான் பார்த்ததை நீங்களும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பேச்சுக்கு வேர் இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. ஒரு வயதை ஒட்டித் தொடங்கி ஒன்றரை வயதுக்குள் நன்றாக வந்துவிட வேண்டும். பிள்ளைத்தமிழில் நிலவைக் காட்டிக் குழந்தையோடு விளையாடக் கூப்பிடும் அம்புலிப் பருவத்தை ஒன்றரை வயதை ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் போட்ட வரிசை என்பது அதிலேயே தெரிகிறது.

உங்கள் பையன் இப்படிக் காட்டுகிறானா? எதையாவது கண்டால் உங்களிடம் கொண்டுவந்து நீட்டுகிறானா? நீங்கள் ஒரு பக்கம் விரலை நீட்டினால் விரலைப் பார்க்கிறானா, விரல் காட்டும் திசையைப் பார்க்கிறானா? கூப்பிட்டால் கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறானா? இதெல்லாம் இருந்தால் ஆட்டிசம் பற்றிய பயத்தைப் பெருமளவு இறக்கி வைக்கலாம். தெருநாயைப் பார்த்துக் கூப்பிடுகிறான், அவ்வாவிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறான், சொன்ன வேலையைச் செய்கிறான். நீங்கள் எழுதிய வரையில் மனிதர்களோடு ஒட்டுகிற பிள்ளையாகத்தான் தெரிகிறான். ஒருவேளை, எதையும் சுட்டிக்காட்டாமல் உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஃபிரிட்ஜ் கைப்பிடியில் வைப்பது மட்டும்தான் அவன் வழி என்றால், குழந்தை மருத்துவரிடம் அதை இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். 16 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்கென்று எம்-சாட் என 20 கேள்விகள் உள்ள ஒரு தாள் இருக்கிறது. அவர் அதைக் கேட்டுப் பார்ப்பார். அதில் மதிப்பெண் கூடினால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று பொருள், நோய் உறுதி என்று பொருளில்லை. நெட்டில் படித்துவிட்டு இரவு முழுக்க விழித்திருப்பதைவிட அந்த இருபது கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவது மேல்.

மூன்றாவது விளையாட்டு. வெறும் டம்ளரை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு ‘ஆஹ்’ என்கிறானா? பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறானா? தீப்பெட்டியைத் தரையில் தள்ளிக்கொண்டே ‘ம்ப்பூ’ என்கிறானா? தீப்பெட்டி லாரியாக முடியும் என்று தெரிந்த மூளைக்கு, ‘லாரி’ என்ற ஒலியும் அந்த வண்டியைக் குறிக்க முடியும் என்பது பெரிய தூரமில்லை. ஒன்று இன்னொன்றுக்குப் பதிலாக நிற்கும் என்கிற இந்த அறிவு பேச்சிலும் பாவனை விளையாட்டிலும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில்தான் எட்டிப்பார்க்கும். பேச்சு குறைவாக இருந்து, பாவனை விளையாட்டு செழிப்பாக இருந்தால் எனக்குப் பாதி நிம்மதி.

பிளே ஸ்கூலில் சொன்னதைக் கேட்காதீர்கள். மொழிகளைக் குழந்தை குழப்பிக்கொள்ளும் என்பது பழைய பயம், ஆய்வுகள் அதைத் தாங்கவில்லை. கனடாவில் 2010இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், கர்ப்ப காலம் முழுக்க ஆங்கிலமும் பிலிப்பைன்ஸ் மொழியான தகலோகும் பேசிய தாய்மார்களின் பிள்ளைகளைப் பிறந்த சில நாளிலேயே சோதித்தார்கள். இரண்டு மொழியையும் ஆர்வமாகக் கேட்டன, ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தும் அறிந்தன. இன்னொன்று நமக்கு நெருக்கமானது. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் 1984இல் வெளியிட்டது. ஆங்கிலம் மட்டும் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள ‘த’, ‘ட’ வேறுபாடு தெரிகிறதா என்று பார்த்தார்கள். ஆறு முதல் எட்டு மாதத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தெரிந்தது. பத்து, பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறன் தேய்ந்துவிட்டது. வீட்டில் புழங்காத ஒலியைக் காது கைவிட்டுவிடுகிறது. உங்கள் பையன் தன் முதல் வருஷத்திலேயே தமிழ் ஒலி, தெலுங்கு ஒலி இரண்டையும் கேட்டு வைத்துக்கொண்டவன். அதில் ஒன்றை இப்போது பிடுங்குவதற்கு ஒரு காரணமும் இல்லை. மொழி வளர்ச்சியில் உண்மையிலேயே சிக்கல் இருந்தால் அது அவன் கேட்கிற எல்லா மொழியிலும் தெரியும். மொழியைக் குறைத்தால் அது போகாது.

நடைமுறையையும் யோசித்துப் பாருங்கள். இங்கிலீஷ் மட்டும்தான் என்றால் பகல் முழுக்க அவனோடு இருக்கும் மாமியார் என்ன செய்வார்? வாயை மூடிக்கொள்வார், அல்லது ‘கம்’, ‘ஈட்’, ‘நோ’ என்று மூன்று சொல்லை வைத்து ஓட்டுவார். அந்த வீட்டில் மிக அதிகமாகவும் மிக நன்றாகவும் பேசக்கூடியவர் அவர்தான். நீங்களும் அலுவலகத்தில் நல்ல இங்கிலீஷ் பேசுபவராகவே இருங்கள். கொஞ்சவும் திட்டவும் ஊட்டும்போது கதை அளக்கவும் கும்பகோணத்துத் தமிழ் அளவுக்கு அது உங்களுக்கு வளைந்து கொடுக்குமா? நீங்கள் தமிழ், அவர் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம். ஓசூரில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இப்படித்தான் வளர்ந்திருக்கிறார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழி கலந்தாலும் பரவாயில்லை. இங்கிலீஷ் பள்ளியில் வரும்.

போன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. பட்ரீஷியா கூல் என்ற ஆய்வாளரின் குழு 2003இல் வெளியிட்ட ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளில் சிலரோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடி, புத்தகம் படித்துக் காட்டினார்கள். மொத்தம் 12 தடவை. அதே ஆட்கள், அதே பேச்சு, வீடியோவில் வேறு சில குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டப்பட்டது. நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலி வேறுபாட்டைக் கற்றுக்கொண்டன. வீடியோ பார்த்தவை கற்கவில்லை. திரையில் இருப்பவர் குழந்தை எதைப் பார்க்கிறது என்று பார்க்க மாட்டார், அது ஒலி எழுப்பினால் பதில் சொல்ல மாட்டார். இரண்டு வயது வரை திரையே வேண்டாம், உறவினரோடு வீடியோ காலில் பேசுவது மட்டும் சரி என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நிலை. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதலும் ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம் என்கிறது. கும்பகோணத்துத் தாத்தாவோடு வீடியோ காலில் பேசட்டும், அவர் பதில் சொல்கிறவர்.

வேலைக்குப் போய்விட்டு வந்து ஒரு கிண்ணம் சாதத்தை உள்ளே தள்ளுவதற்கு நீங்கள் படும் பாடு எனக்குப் புரிகிறது. ஆனால் மூன்று வேளைச் சாப்பாடு என்பது நாளில் ஒன்றரை மணி நேரம். முகத்துக்கு முகம் உட்கார்ந்து, ஒரே பொருளை இருவரும் பார்த்து, ‘ஆ’, ‘சூடு’, ‘இன்னும்’, ‘போதும்’ என்று பேச இதைவிட நல்ல நேரம் அமையாது. அதைத்தான் போன் தின்கிறது. எல்லா வேளையையும் ஒரே நாளில் மாற்றப் பார்க்காதீர்கள். இரவுச் சாப்பாட்டில் தொடங்குங்கள். உங்களோடு தரையில் உட்காரட்டும், இட்லியைப் பிய்த்து அவன் தட்டில் போடுங்கள், இறைத்தால் இறைக்கட்டும். போன் கண்ணில் படாத இடத்தில் இருக்க வேண்டும், உங்கள் கணவருடையதும் சேர்த்து. சில நாள் அழுவான், குறைவாகச் சாப்பிடுவான். பசி வந்தால் சாப்பிடுவான். வீட்டில் ஒருவர் இரங்கி எடுத்துக் கொடுத்தாலும் மறுபடி முதலிலிருந்து. இன்னொன்று, மாமியார் மனம் கோணாமல் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். பகலில் சீரியல் ஓடிக்கொண்டே இருந்தால், அவன் பார்க்காவிட்டாலும் வீட்டில் பெரியவர்கள் பேசுவது குறைந்துவிடுகிறது. ஆய்வுகளில் இது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அவன் தூங்கும்போது சீரியல் வைத்துக்கொள்ளலாம்.

நாத்தனார் மகளின் நாற்பது கார்டு? நல்ல ஞாபகசக்தி, வாழ்த்துகள். அதோடு விடுங்கள். கார்டில் யானை, ஆப்பிள், ஏரோப்பிளேன் இருக்கும். ‘ஊத்து’, ‘வேணாம்’, ‘தூக்கு’, ‘இன்னும்’, ‘காணோம்’ இருக்காது. ஒன்றரை வயதுக்காரனின் வாழ்க்கை இந்தச் சொற்களில்தான் ஓடுகிறது. நம் மொழியில் ‘குடிக்கிறியா?’, ‘போலாமா?’ என்ற ஒற்றை வினைச்சொல்லே முழு வாக்கியம். உங்கள் பையன் ஏற்கெனவே ‘ரா’ என்ற வினைச்சொல்லைக் கைக்கொண்டுவிட்டான். அமெரிக்காவில் நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் செய்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், மூளையின் பேச்சுப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்பது வீட்டில் கேட்ட சொற்களின் எண்ணிக்கையைவிட, பெரியவரும் பிள்ளையும் மாறி மாறிப் பேசிக்கொண்டதோடுதான் பொருந்தியது. மூளை வளர்ச்சி டானிக், ‘பிரெய்ன்’ பொம்மை என்று விற்பதற்கெல்லாம் செலவழிக்காதீர்கள்.

என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்றால், புதிதாக எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. அவன் ‘நீ’ என்றதும் மாமியார் ‘நீள்ளு காவாலா? இதிகோ நீள்ளு’ என்று சொல்லிக் கொடுக்கட்டும். உங்களிடம் கேட்டால் ‘தண்ணியா? தண்ணி வேணுமா? இந்தா, ஜில்லு தண்ணி.’ அவன் சொன்ன துண்டை எடுத்து ஒரு சொல் கூட்டிக் கொடுப்பது, அவ்வளவுதான். ‘பால் வேணுமா, தண்ணி வேணுமா?’ என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும் வரை வாயைத் திறக்காதீர்கள், நமக்கு அதுதான் கஷ்டம். அந்த இடைவெளியில் அவன் பார்ப்பது, கையை நீட்டுவது, முனகுவது எல்லாமே பதில்தான். ‘மம்மம்’, ‘ஜோஜோ’ என்று ராகம் போட்டு இழுத்துப் பேசுவதை நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், அந்த இழுவைக் குரலைத்தான் குழந்தைகளின் காது தேடிப் போகிறது. உள்ளங்கையில் பருப்பு கடைந்து அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டு உங்கள் பக்கத்தில் உண்டல்லவா? விரல் மேலே ஏறி வரும்போது பாதியில் நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள். மேலே போ என்று ஏதாவது ஒரு வகையில் சொல்லாமல் இருக்க மாட்டான்.

‘தண்ணின்னு சொன்னாத்தான் தருவேன்’ என்று டம்ளரைப் பின்னால் ஒளிக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். வேண்டுமென்றே பேசாமல் இருக்கிற பிள்ளை என்று நினைத்து வீட்டுக்கு வீடு இதைச் செய்கிறார்கள். அவனால் முடிந்தால் சொல்லியிருப்பான். விருந்தாளி முன்னால் ‘மாமாக்கு சொல்லிக்காட்டு, சொல்லு, சொல்லு’ என்று நிற்க வைப்பதும் அதே ரகம்தான்.

வசம்பால் பேச்சு வந்துவிடாது. அதில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருளால் அமெரிக்காவில் 1968லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். கையில் காப்பாகக் கட்டிவிடுங்கள், மாமியார் மனமும் நிறையும், நாக்கில் மட்டும் வேண்டாம். அடுத்து யாராவது நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேசுவான் என்று கிளம்புவார்கள். நாக்கை வெளியே நீட்டுகிறானா, உதட்டில் ஒட்டிய சோற்றை நக்கி எடுக்கிறானா? அப்படியென்றால் கவலையில்லை. ஒட்டிய நாக்கால் சில எழுத்துகள் தெளிவில்லாமல் போகலாம், பேச்சே தொடங்காமல் போகாது.

‘அவன் அப்பனே மூணு வயசுலதான்’ என்பதை மட்டும் நான் ஒதுக்க மாட்டேன். தாமதமாகப் பேசுவது குடும்பத்தில் வருவது உண்மை. ஆனால் அதைக் கேட்டு நீங்கள் நிம்மதியாக இருக்கச் சொல்கிறார்கள், நான் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கச் சொல்கிறேன். ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான் என்பதும் அரை உண்மை, வித்தியாசம் ஓரிரு மாதம்தான். மூன்று வயது வரை காத்திருப்பதற்கு அது காரணமாகாது. இரண்டு வயதில் பெரியவர்களின் மூளையில் ஏறத்தாழ 80 சதவீத அளவை எட்டிவிடும் பிள்ளைக்கு ஒரு வருஷம் என்பது நீண்ட காலம்.

ஆகவே காது டெஸ்ட் இப்போது. அதில் ஒன்றும் இல்லையென்றால், மேலே சொன்னபடி வீட்டில் மூன்று மாதம் நடந்துகொள்ளுங்கள். இரண்டு வயது முடியும்போது இரண்டு சொல் சேர்க்கவில்லை என்றால் பேச்சுப் பயிற்சியாளரிடம் தொடங்கிவிடலாம். இடையில் சொல்லிக்கொண்டிருந்த சொல்லை விட்டுவிட்டால், அல்லது முகம் பார்ப்பது குறைந்தால், இரண்டு வயதுக்குக் காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

போகும்போது மாமியாரையும் கூட்டிப்போங்கள். பகலில் நடப்பது அவருக்குத்தான் தெரியும், தெலுங்குச் சொற்களுக்கு அவர்தான் சாட்சி. வீட்டில் அவன் இயல்பாக விளையாடுவதை இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், புது இடத்தில் பல பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். பெரா எடுக்கச் சொன்னால் குழந்தை நன்றாகத் தூங்க வேண்டும். முதல் நாள் இரவு தாமதமாகப் படுக்க வைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, வழியில் காரிலோ பஸ்ஸிலோ தூங்கவிடாமல் கொண்டுபோங்கள். அங்கே போனதும் பால் கொடுத்துத் தூங்க வைக்கலாமா, தூக்க மருந்து கொடுப்பார்களா என்பதை முன்பே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தால் அதையும் சொல்லிவிட்டுத் தேதி வாங்குங்கள்.